ஏழாம் பலகை

இரண்டாம் எச்சரிக்கை, என்றது வானொலி.
வானத்தில் ஒன்றுமில்லை.
சுயாக் முழுக்கக் கரும்புத் தோகை ஒன்றுகூட அசையவில்லை.
அலைக்கும் அலைக்கும் நடுவே மட்டும்
யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் ஓர் இடைவெளி.
இப்படி நல்லபிள்ளையாக விடியும் நாளை
இந்தத் தீவில் யாரும் நம்புவதில்லை.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து பலகைகளை இழுத்தேன்.
ஒவ்வொன்றிலும் பெயின்ட்டில் எழுதிய எண்.
ஒன்று சமையலறைக்கு. இரண்டும் மூன்றும் கூடத்துக்கு.
ஐந்து வளைந்துபோனது,
அதை முழங்காலால் தள்ளிக்கொண்டே ஆணி அடிக்கவேண்டும்.
ஏழைக் காணோம்.

மகள் கல்யாணத்துக்கு மேசை போட
ழான்-நோயேல் வாங்கிப்போனது நினைவுக்கு வந்தது.
போய்ப் பார்த்தால் அதன்மேல் கோழிக்கூடு நிற்கிறது.
"கோழிகளுக்கும் புயல்தானே, மதாம்?" என்றான்.
நியாயம்தான்.
அலமாரிக் கதவைக் கழற்றி ஏழாம் சன்னலில் அடித்தேன்.
என் புடவைகள் எல்லாம் வெட்கமில்லாமல் கூடத்தைப் பார்த்தன.

சீனர் கடையில் சார்டின் தீர்ந்துவிட்டது.
மெழுகுவர்த்தியில் மிஞ்சியது பிறந்தநாள் கேக்கில் குத்துகிற வகை.
இரண்டு பெட்டி வாங்கினேன்.
மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை
இரும்புக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டினார் வையாபுரி.
அடுத்த மாடி எழுப்புவோம் என்று
பதினோரு வருஷமாய்க் கைதூக்கி நிற்கும் கம்பிகள்.
கட்டாத மாடி இன்றைக்காவது உதவட்டும்.

மாலையில் மூன்றாம் எச்சரிக்கை.
பஸ் நின்றது. கதவுகள் மூடின.
இருட்டியதும் காற்று வந்தது,
முதலில் விசாரிக்கிறாற்போல், பிறகு வசூலிக்கிறாற்போல்.

காலண்டரின் பின்பக்கம் வரைந்த கடலில்
வானொலி சொல்லச் சொல்லப் புள்ளி வைத்தேன்.
வடகிழக்கே முன்னூறு கிலோமீட்டர்.
வடக்கே இருநூற்று இருபது.
நடு இரவு தாண்டி, பின்னிரவில், குரல் கொஞ்சம் தளர்ந்தது:
புயல் மேற்காக விலகிச் செல்கிறது.
"தப்பிச்சோம்," என்றார் வையாபுரி,
படுத்தபடியே கைகூப்பினார், உடனே குறட்டை.

பென்சில் என் கையிலேயே இருந்தது.
புள்ளிகளைச் சேர்த்துக் கோட்டை நீட்டினால்
ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி
ரீயூனியன். சேந்த் ஆந்த்ரே. ஆற்றோரத் தெரு.
என் தங்கை லோகா.

எங்களுக்கு எண்கள். அவர்களுக்கு நிறங்கள்.
"இப்போ என்ன நிறம்?"
"ஆரஞ்சு. விடிஞ்சா சிவப்பு."
"அதுக்கப்புறம்?"
"ஊதா. அதுக்கு மேல நிறம் கிடையாதுக்கா."
பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.
பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டாயா,
காஸை மூடினாயா, செருப்பு வேண்டாம் ஷூ போடு
என்று நான் அடுக்க,
"ஏழாம் பலகை கிடைச்சுதா?" என்றாள் அவள்.
சிரித்தோமா என்று தெரியவில்லை.
யாரோ வண்டியின் ஹாரனை அழுத்தினார்கள்.

காலையில் சுயாக்கில் வெயில்.
பஸ் நிறுத்தத்தில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்:
"ஒரு நாள் கூலி போச்சு, சும்மா பயமுறுத்துறானுங்க!"
வாங்கிக் குவித்த ரொட்டி வீடு வீடாய்க் காய்ந்துகொண்டிருந்தது.
நான் பதில் சொல்லவில்லை.
நேற்று என் கையிலும் அதே கணக்குத்தான் இருந்தது:
எங்களை விட்டுப் போனால் சரி.
எங்கே போகும் என்று கேட்டதில்லை.

லோகாவின் எண்ணில் ஒரு பெண்
பிரெஞ்சில் மிக மரியாதையாக
மீண்டும் முயலச் சொல்கிறாள்.
பலகைகளை எடு, வெளிச்சம் வரட்டும், என்கிறார் வையாபுரி.
நான் எடுக்கவில்லை.
கரண்டு வரவில்லை. பட்டப்பகலில் பிறந்தநாள் மெழுகுவர்த்தி.
ஒன்று அணைவதற்குள் நான்கு தடவை கூப்பிடலாம்.

பத்து மணிக்கு ழான்-நோயேல் வந்தான்,
கழுவி, ஓரத்தில் ஓர் இறகு ஒட்டியபடி,
ஏழாம் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு.
"இதை எங்கே வைக்க?"
"ஏழாம் சன்னலில் அடி."
வெயிலைப் பார்த்தான்.
என் கையிலிருந்த போனைப் பார்த்தான்.
சுத்தியல் எங்கே என்று கேட்டான்.